கடைசியில் வருகிறவன்

"மாத்துங்க சேர்! அந்தப் பையன மாத்துங்க! துஷாந்தக் கூப்பிடுங்க!"

பக்கத்தில் நின்றவர் போட்ட சத்தத்தில் ஜீவராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்பின் தெரியாத ஆள். நுவரெலியா மைதானத்தில் இத்தனை பேருக்கு நடுவில் அவள் மகனின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்.

"நீ வந்தா எனக்குக் கை நடுங்கும்மா, வராத" என்று துஷாந்த் சொல்லியிருந்தான். அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. கொழுந்து பறிக்கப் போகாமல் டயகமவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கடைசி வரிசையில் குடைக்குள் பதுங்கி உட்கார்ந்திருந்தாள். பேஸ்போல் என்ற விளையாட்டை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"துஷாந்துன்னா யாருங்க? அந்த வாங்கு பெஞ்சுல ஒக்காந்திருக்கிறவனா?" ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"அவனேதான் தங்கச்சி."

"அம்புட்டுக் கெட்டிக்காரன்னா ஏன் ஒக்கார வச்சிருக்காங்க?"

பல நாளாக அவள் நெஞ்சில் கிடந்த கேள்வி அது. மேட்ச் மேட்ச் என்று ஓடுகிறவன், பாதி நேரம் வாங்கைத் தேய்த்துவிட்டு வருவதாகத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

அவர் சிரித்தார். "ஒக்கார வைக்கல தங்கச்சி, எடுத்து வச்சிருக்காங்க. வீட்டுல நல்ல கோப்பைய விருந்தாளி வந்தாத்தானே எறக்குவீங்க? மொதல்ல எறியிறவனுக்குப் போகப் போகக் கை ஓஞ்சிரும். அந்த நேரம் பாத்து ஆட்டம் இழுபறியாகும். அப்ப எறங்கி வந்து கதைய முடிக்கிறதுக்குக் கை மட்டும் பத்தாது, நெஞ்சு வேணும். அது இவன்கிட்ட இருக்கு. பாத்துக்கிட்டே இருங்க, ரெண்டு வருசத்துல இந்தப் பையன் நாட்டுக்கு ஆடுவான்."

ஜீவராணி குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். 'நான்தான் அவன் அம்மா' என்று வாய் வரை வந்தது. சொன்னால் இந்தப் பேச்சு நின்றுவிடுமே! விழுங்கிக்கொண்டாள்.

"அந்த வெள்ளைத் தொப்பிக்காரரத் தெரியுதா? கொழும்புலேருந்து வந்திருக்காரு. தேசிய பயிற்சிக்கு நம்ம ஸ்கூல்லேருந்து எறியிறவன் ஒருத்தன எடுக்கப் போறாரு."

"ஒருத்தனத்தானா?"

"ஒருத்தனத்தான். ஒண்ணு துஷாந்து, இல்லாட்டி இப்ப எறியிற பையன்."

எறிந்துகொண்டிருந்த நெட்டைப் பையனை ஜீவராணி முறைத்துப் பார்த்தாள். அவன் பந்து மறுபடியும் விலகிப் போனது. எதிரணி ஆள் அடிக்காமலே நடந்துபோய் முதல் மூலையில் நின்றான்.

"போச்சு! மூணு மூலையிலயும் அவனுங்க நிக்கிறானுங்க. நமக்கு ஒரு ஓட்டந்தான் கூட. இன்னும் ஒருத்தன வெளிய அனுப்பிட்டா கப்பு நமக்கு. இவன் விட்டுட்டா எல்லாம் போச்சு."

"தெரியாமத்தான் கேக்குறேன், அந்த நெட்டைப் பயலுக்கு அறிவிருக்கா? எடத்த விடாம நந்தி மாதிரி நிக்கிறானே!"

அவர் கண் அந்தப் பையனை விட்டு அகலவில்லை.

"அப்புடிச் சொல்லாதீங்க தங்கச்சி. காலையிலேருந்து ஒத்தையாத் தாங்கினவன் அவன். ஒவ்வொரு தடவ எறிஞ்சதும் முழங்கைய அமுக்கிப் பிடிக்கிறான் பாருங்க. வலிக்குது அவனுக்கு."

வாயருகே இரண்டு கைகளையும் குவித்து மறுபடியும் கத்தினார். "மாத்துங்க சேர்!"

இந்த முறை பயிற்சியாளர் திரும்பி அவரையே பார்த்தார். கூட்டத்தில் கத்துகிற ஒருவரை எதற்கு இப்படித் தயங்கித் தயங்கிப் பார்க்கிறார் என்று ஜீவராணிக்கு விளங்கவில்லை. இவர் கையை உயர்த்தித் தலையை ஆட்டினார். அதற்குமேல் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. துஷாந்த் எழுந்துவிட்டான்.

நெட்டைப் பையன் குனிந்த தலை நிமிராமல் வெளியே வந்தான். கூட்டம் துஷாந்தைப் பார்த்துக் கைதட்டியது. இவர் மட்டும் நெட்டையன் வாங்கில் போய் உட்காரும்வரை தட்டிக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி மைதானத்தின் ஓரத்தை நனைத்தது. துஷாந்த் எறிந்தான். அடிக்க நின்றவன் அசையவில்லை. மறுபடி எறிந்தான். மட்டை பந்துக்கு மேலே போனது. மூன்றாவது பந்து நேரே வந்து, கடைசி நொடியில் ஏதோ நினைத்துக்கொண்டது போலத் தாழ்ந்தது. மட்டை வெறும் பனியைத்தான் அடித்தது. மூன்று பந்தையும் விட்டவன் வெளியேறினான்.

மைதானம் அதிர்ந்தது. வெள்ளைத் தொப்பிக்காரர் துஷாந்தின் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி தேசியப் பயிற்சிக்கு அவன் பெயரைச் சொன்னது.

ஜீவராணியின் குடை எங்கே விழுந்ததென்று அவளுக்கே தெரியாது. "எம் மவன்! அண்ணே, அவன் எம் மவன்ணே!"

"தெரியும் தங்கச்சி" என்றார் அவர். "எல்லாரும் பந்தப் பாத்தாங்க. நீங்க மட்டும் அவன் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தீங்க. நல்ல புள்ளையப் பெத்திருக்கீங்க."

குடையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மகனைத் தேடி ஜீவராணியும் ஓடினாள். வீரர்களின் வாங்கைத் தாண்டும்போது அவள் கால்கள் தாமாக நின்றன. முழங்கையில் ஐஸ் பையோடு நெட்டைப் பையன் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் குந்தியிருந்து, தன் கம்பளி ஜெர்சியைக் கழற்றி அவனுக்குப் போர்த்திக்கொண்டிருந்தார் அவர்.

"மாத்தச் சொல்லிக் கத்துனது ஒங்க சத்தந்தானேப்பா?"

"ஆமாடா மவனே. கப்பும் வந்துச்சு, ஒனக்குக் கையும் மிஞ்சிச்சு."