திரையில் வந்த பெயர்

திரையில் அந்த இளைஞனின் முகம் வந்ததும், இருட்டுக்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"சாமித்தம்பி."

முன்வரிசையில் இருந்த அருள்நாயகம் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

பாரிஸில் கட்டட வேலை செய்பவர்களைப் பற்றிய பிரெஞ்சுப் படம் அது. முதலாளிமார் வரும் வாசலால் தொழிலாளர் வரக்கூடாது என்பதில் தொடங்கும் சண்டைதான் கதை. உண்மையான வேலையாட்களையே நடிக்க வைத்திருந்தார்கள்.

முப்பது வருடப் பழைய அந்தப் படத்தைக் கனடாவில், ஸ்காபரோ மண்டபத்தில் போட்டுக் காட்டியவர் அருள்நாயகம்தான். மார்க்கம் நகரில் பெரிய வீடு, மூன்று கார். ஆனாலும் மைக் கிடைத்தால், "நானும் சீமெந்து சுமந்தவன்" என்றுதான் தொடங்குவார். படத்தில் வரும் அந்தத் தூசி படிந்த முகம் தன்னுடையது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மறுபடி அந்த முகம் வந்தது. மறுபடி அதே குரல், வீட்டில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடுவது போல.

"சாமித்தம்பி."

"ஆரப்பா உது? லைற்றைப் போடுங்கோ," என்றார் மண்டபப் பொறுப்பாளர் றொய்சன்.

எழுந்து நின்றவளுக்கு முப்பது வயது கடந்திருக்கும். பெயர் யதுஷா. பிறம்ரன் வெயர்ஹவுஸ் வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தாள்.

"தங்கச்சி, ஏன் படத்தைக் குழப்புறீங்கள்?"

"அது என்ர அப்பா. பேரைச் சொன்னன், அவ்வளவுதான்."

சனம் அருள்நாயகத்தைப் பார்த்தது. அவர் சிரித்தார்.

"தூசிக்குள்ள எல்லா முகமும் ஒண்டுதான், பிள்ளை. கடைசியில நடிச்ச ஆக்களின்ர பேர் வரும். பாத்திட்டுச் சொல்லுங்கோ."

பெயர்கள் வந்தன. அருள்நாயகம் என்று தெளிவாக இருந்தது. சாமித்தம்பி இல்லவே இல்லை. கை தட்டினார்கள். "விசர்ப் பெட்டை" என்று யாரோ முணுமுணுத்தது அவளுக்கும் கேட்டிருக்கும். பாவம், தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போனபின் அவரிடம் வந்து போனை நீட்டினாள். பாரிஸ் மயானத்தில் ஒரு கல். அதில் அருள்நாயகம் என்று பெயர். பிறந்த திகதி அவருடையது. இறந்த திகதி, படம் எடுத்து முடித்த அடுத்த மாதம்.

அவர் போனைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார்.

"அப்பாவுக்கு விசா இல்லை. உங்கட விசா கார்ட்டைக் காட்டி உங்கட பேரில வேலை செய்தவர். கட்டடச் சாரத்தில இருந்து விழுந்து செத்ததும் உங்கட பேரிலதான். இந்தப் படம் போடுற நோட்டீசில அந்தப் பேரைக் கண்டுதான் வந்தனான்."

"கார்ட் குடுத்தது உதவி, பிள்ளை. அப்ப எல்லாரும் செய்தது."

"உதவிதான், அங்கிள். இல்லையெண்டு சொல்லேல்லை. செத்தது சாமித்தம்பி எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. கல்லை மாத்தவேணும்."

"எழுதினா, கார்ட் குடுத்தது வெளிய வந்து என்ர கனடா சிற்றிசன் என்ன ஆகும்? சனத்துக்கு முன்னால என்னெண்டு முழிக்கிறது?"

யதுஷா போனை வாங்கிப் பையில் வைத்தாள்.

"அப்ப சரி, அங்கிள். முகம் உங்கட எண்டு சனத்துக்கு முன்னால சொல்லிட்டீங்கள். இனி அந்தக் குழியும் உங்கடதான்."