வலப்பக்கம் போகும் பந்து

"மறுபடியும் வலப்பக்கம்!" பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், கொடி நேரா நிக்குது. நீங்க ஏன் ஓரத்துல இருக்கற மரத்தைக் குறி வைக்கறீங்க?"

லிஃப்ட் மெக்கானிக் அசடு வழியச் சிரித்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் திடீரென்று கோல்ஃப் பைத்தியம் பிடித்த மனிதர். ஊர்ப்பட்ட லிஃப்டுகளையெல்லாம் நேராக மேலே அனுப்பத் தெரிந்தவருக்கு ஒரு சின்னப் பந்தை நேராக அனுப்பத் தெரியவில்லை.

அன்றைக்குத் தப்பித் தவறி ஒரு பந்து கோடு போட்ட மாதிரி கொடியை நோக்கிப் போனது. பயிற்சியாளர் கைதட்டினார். அடித்தவர் முகம் மட்டும் ஏனோ தொங்கிப்போனது.

வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்க விடுதிகளின் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள் மனைவி. ஒவ்வொரு படத்திலும் கடல் இருந்தது. கல்யாணமான புதிதில் காட்டுகிறேன் என்று அவர் சொன்ன கடல்.

சுற்றுலா அலுவலகப் பெண் ஸ்பீக்கர் போனில் தேனாக வழிந்தாள். "இந்த விடுதியில கோல்ஃபும் இருக்கு, கடலும் இருக்கு சார். நீங்க விளையாடலாம், மேடம் கரையில உக்காரலாம், பொண்ணுங்களுக்கு நீச்சல் குளம். குடும்பமே சந்தோஷமா இருக்கலாம்."

"வேண்டாம்மா. நான் சொன்ன இடமே போதும்."

"அங்க மைதானத்தை விட்டா ஒண்ணுமே இல்லையே சார்!"

"பரவாயில்ல. அஞ்சாவது குழிக்கு வலப்பக்கம் ஒரு பெரிய மரம் இன்னும் இருக்கான்னு கேட்டுச் சொல்லும்மா. குடும்பத்தையும் மைதானத்துக்குள்ள கூட்டிட்டுப் போலாமான்னும் கேளு."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மரத்தை வெட்டச் சொல்லப் போறாருடி அப்பா."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "மரம் இருக்காம் சார். ஆனா விளையாடறவங்க மட்டும்தான் புல்லுல கால் வைக்கலாமாம். மத்தவங்க ஓரமா இருக்கற பாதையிலயே நடந்து வரணும். பந்து காணாமப் போனா மட்டும் கூட வந்தவங்களும் இறங்கித் தேடலாமாம்."

"அப்பா அடிக்கற அழகுக்கு, நாம நாள் முழுக்கப் புல்லுலதான் நிப்போம்!" என்றாள் சின்னவள். போனில் இருந்த பெண்ணும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

மனைவி சிரிக்கவில்லை. "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு லீவு. அதுலயும் உங்க ஆசைதான் நடக்கணுமா? லீவுக்குப் போறதுக்கு ஒரு சொந்த ஊராவது இருக்கா நமக்கு? கேட்டா அந்த ஊரே இல்லைம்பீங்க. நான் என்ன நகையா கேட்டேன்? கடலைத்தானே கேட்டேன்?"

"அடுத்த தடவை கண்டிப்பா கடல்தான்," என்றார் அவர்.

"அடுத்த தடவை!" படங்களையெல்லாம் வாரி அலமாரிக்குள் போட்டுச் சாத்தினாள். அந்த மனிதரோடு குப்பை கொட்டியதற்கு இதுதான் கண்ட பலன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

குடும்பமே சந்தோஷமாக இருக்கும் அந்த விடுமுறையில், மைதானத்தின் ஓரப் பாதையில் மூன்று பெண்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்கள். மெக்கானிக் முதல் நான்கு குழிகளையும் ஏனோதானோவென்று முடித்தார். பின்னால் வந்த இரண்டு கனவான்கள், யார் இந்த ஆளை உள்ளே விட்டது என்று காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாவது குழி வந்தது. இந்த முறை அவர் அவசரப்படவில்லை. கொடியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மூச்சை இழுத்துக்கொண்டு அடித்தார்.

பந்து எழும்பி, வலப்பக்கம் வளைந்து, மரத்தடியில் போய் விழுந்து மறைந்தது.

"போச்சுடா!" என்றாள் பெரியவள்.

மைதானக் காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் சேர்ந்து தேடுங்க. சீக்கிரம் ஆகட்டும், பின்னால பெரியவங்க காத்துட்டு இருக்காங்க."

நான்கு பேரும் புல்லில் இறங்கினார்கள். மனைவி வேண்டாவெறுப்பாகப் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். சின்னவளின் கண்ணில்தான் முதலில் பட்டது. மரத்தின் வேருக்குப் பக்கத்தில் வெள்ளையாகக் கிடந்தது பந்து.

"அப்பா, கிடை..."

"கத்தாதம்மா!" அவர் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார். "பந்தை ஒளிச்சு வை. கிடைச்சிடுச்சுன்னு தெரிஞ்சா உங்களை வெளிய அனுப்பிடுவாங்க."

பிறகு இரண்டு ஷூக்களையும் கழற்றித் தள்ளி வைத்தார். அந்த இடத்தில் முழங்காலிட்டு, வழவழவென்று வெட்டியிருந்த புல்லை உள்ளங்கையால் தடவினார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்ததும் மனைவி கையிலிருந்த புடவை நழுவியது.

"என்னங்க இது? என்ன ஆச்சு உங்களுக்கு?"

"இந்தப் புல்லு முழுக்க எங்க ஊரா இருந்தது, இந்த மரத்தடிதான் இடுகாடு. எத்தனையோ தடவை வாசல்ல வந்து கெஞ்சினேன், விளையாடறவங்களுக்கு மட்டும்தான்னுட்டாங்க."

"என்னப்பா, இன்னும் கிடைக்கலையா?" தூரத்திலிருந்து ஒரு கனவான் குரல் கொடுத்தார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேரையும் இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். புல்லோடு புல்லாகக் குனிந்து மெல்லச் சொன்னார்:

"அம்மா, உன் மருமகளையும் பேத்திங்களையும் கூட்டிட்டு வந்துட்டேன்."