வலிக்காத தட்டு

புதுக்கோட்டை விளையாட்டுச் சாமான் கடையில் அமல்ராஜும் ஷீபாவும் அரை மணி நேரமாகத் தட்டுகளை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எறிந்து கூடையில் விழவைக்கும் டிஸ்க் கோல்ஃப் தட்டுகள்.

“புதுசா எறியப் பழகுறவங்களுக்கு இந்தப் ‘பட்டர்’ வகைத் தட்டுதான் சரி. நேராப் போகும்,” என்றார் கடைக்காரர் நிலவழகன்.

“நேராவா?” அமல்ராஜ் பதறினான். “கொஞ்சம் வெலகிப் போறது இல்லீங்களா?”

ஷீபா விளிம்பைத் தடவினாள். “இதைவிட மெத்துனு வேணுங்க. மேல பட்டா வலிக்கக் கூடாது. கலரும் பளிச்சுனு இருக்கட்டும். வர்றது தெரியணும்ல?”

அமல்ராஜின் நெற்றியில் இருந்த பிளாஸ்திரியைப் பார்த்ததும் நிலவழகனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“இதுக்கா ஆலங்குடியிலேர்ந்து பஸ் ஏறி வந்தீங்க? கையில கெடைச்சதை எறியிறப்பவே முதுகுல ரெண்டு வச்சிருந்தா அடங்கியிருக்கும். அதை விட்டுட்டு, எறியிறதுக்குத் தட்டு வாங்கித் தர்றீங்க. நல்லா வளக்குறீங்க புள்ளைய! என்ன வயசு?”

“அம்பத்தாறு.”

நிலவழகன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“எங்க மேனேஜருங்க,” என்றாள் ஷீபா. “நாளைக்குப் பொறந்தநாளு. வருசா வருசம் ஆபீஸ்ல எல்லாரும் சேந்து சால்வை போட்டு, மேசையில வைக்க ஏதாச்சும் குடுப்போம். கோவம் வந்தா அவரு மேசையில இருக்குறதைத்தான் எடுத்து எறிவாரு.”

“அப்ப இந்தக் காயம்?”

அமல்ராஜ் பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டான்.

“போன வருசம் பித்தளை யானை குடுத்தோங்க. நான்தான் பாத்துப் பாத்து வாங்கினேன்.”