அம்மா பிறந்த கிழமை

மாளவிகா எழுதிய புரோகிராம் ஊரில் எல்லோருக்கும் சரியான கிழமை சொன்னது. அவள் அம்மாவுக்கு மட்டும் தப்பாகச் சொன்னது.

மூன்று நாளாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாண்டி பஜாரில் ஒரு மாடியில், ஐந்தே கம்ப்யூட்டர் வைத்துத் தொண்ணூற்றேழில் தொடங்கிய கம்பெனி அது. ஒரு திருமணத் தகவல் நிலையத்துக்காக, தேதிக்கென்றே புரோகிராமுக்குள் தனிப் பகுதியாக ஒரு 'கிளாஸ்' எழுதியிருந்தாள். பிறந்த தேதியைக் கொடுத்தால் வயது, கிழமை எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும்.

"சுதந்திர தினம் போட்டுப் பாத்தியா?" என்றார் டீம் லீடர் கருணாகரன்.

"வெள்ளி. சரியா வருது சார்."

"குடியரசு தினம்?"

"வியாழன். அதுவும் சரி. எங்கம்மாவைப் போட்டா மட்டும் திங்கள்னு வருது. அம்மா பொறந்தது வெள்ளிக்கிழமை. அதனாலதான் காமாக்ஷின்னே பேர் வெச்சாங்களாம்."

"லீப் வருஷத்துல கோட்டை விட்டிருப்ப. நாளைக்கு டெமோ. ஒரு கிழமை தப்பா வந்தாலும், அடுத்த புராஜெக்ட்ல உன் பேர் இருக்காது, சொல்லிட்டேன்."

மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாள். ஒரு முறை அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை வந்தது. ஆனால் இந்தியா செவ்வாய்க்கிழமை சுதந்திரம் வாங்கிவிட்டது. பழையபடியே மாற்றி வைத்தாள். அம்மாவின் தேதி 12-9-1949, மறுபடி திங்கள்.

மாலையில் மயிலாப்பூர் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போனாள். கூடத்தில் அப்பா அனந்தராமன் முகம் தெரியாமல் பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

"அம்மா, நீ வெள்ளிக்கிழமைதான் பொறந்தேன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமைதான். அதுல மாத்தமே இல்லே" என்றாள் காமாக்ஷி, நறுக்கிக்கொண்டிருந்த வாழைக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்போ என் புரோகிராம்தான் தப்பு. மூணு நாளா மண்டையைப் பிச்சுண்டிருக்கேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் மானம் போகப்போறது."

காமாக்ஷி கத்தியைக் கீழே வைத்தாள். கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"உன் புரோகிராம் சரியாத்தான்டி இருக்கு. வருஷம்தான் தப்பு. உங்கப்பா நாப்பத்தெட்டுல பொறந்தவர். பொண்ணு மூத்தவள்னு தெரிஞ்சா சம்பந்தம் தட்டிப்போயிடுமேன்னு, எங்காத்துல ஜாதகத்தையே மாத்தி எழுதிட்டா. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷமாச்சு, இன்னிவரைக்கும் அவருக்குத் தெரியாது. நீயும் மூச்சு விடாதே."

கூடத்தில் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. அதன் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நாப்பத்தேழு போட்டுப் பாரும்மா, வெள்ளி வரும்."