போறேன்

கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் மூக்குக்கு ஃப்ரேமை வளைத்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது.

“அப்பா இன்று தெளிவாகப் பேசினார். ‘போறேன்’ என்றார். மனநிலை: மிக நன்று.”

அனுப்பியது மாமனார் அறையில் இருக்கும் பெட்டி. அதற்குக் கீழே என் கணவர் வரிசையாகக் கைதட்டல் போட்டிருந்தார்.

அந்தப் பெட்டியைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அத்தை இறந்த பிறகு மாமா சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து என்னப்பா என்று கேட்கத் துப்பில்லாமல், இவர் அதை வாங்கி வந்து சுவரில் மாட்டினார். குரலைக் கேட்டே மனசைப் படித்துவிடுமாம். விற்றவர் அளந்த அளப்பில், கால் பிடித்துவிடுவது ஒன்றைத் தவிர மிச்சமெல்லாம் அது செய்துவிடும் போலிருந்தது.

இனிமேல் அப்பாவை நினைத்து நீ கவலையே படவேண்டாம் என்றார் இவர். இவரும் படவில்லை. வேலையிலிருந்து வந்ததும் அப்பாவின் அறையை எட்டிப் பார்க்கும் பழக்கமே போயிற்று. போனில் பச்சைப் புள்ளி தெரிந்தால் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

மாமா மட்டும் பெட்டியை ஒரு மாதிரியாகவே பார்ப்பார். வேலையில் இருந்த காலமெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்தவர். முள் நேராக நிற்கிறதே என்று எதையும் நம்பிவிட மாட்டார். தெரிந்த எடை ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

செய்தியை மறுபடி படித்தேன்.

போறேன்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. குப்பை கொட்டப் போனாலும் மாமா “வரேம்மா” என்பார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நான் அவசரத்தில் “போறேன்” என்று படியிறங்க, கூப்பிட்டு நிறுத்தி “போயிட்டு வரேன்” என்று சொல்லவைத்துத்தான் அனுப்பினார். இவரும் அதே வீட்டில் வளர்ந்தவர்தானே.

தெரிந்தும் கைதட்டியிருக்கிறார்!

இவரை அழைத்தேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பதாகவும், அப்பா சூப்பராக இருப்பதைப் பார்த்தாயா என்றும் எழுதினார்.

பெரியவரை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். குட்டி ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்தது. பாலம், ரயில் பாதை, தூக்க மாத்திரை என்று என்னென்னவோ நினைப்பு.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

மாமா வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை, காலில் செருப்பு. எங்கேயும் போகவில்லை.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“என்ன மாமா நீங்க, எனக்கு உசிரே போயிடுச்சு! அந்தப் பெட்டியச் சோதிக்கணும்னா இப்படியா செய்வீங்க?”

அவர் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவன் வரலையாம்மா?”