நீல அம்புகள்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் புதுக் குடியிருப்பு வரைபடத்தின் மேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. சுருண்டு சுருண்டு எழும் காகிதத்தின் மூலைகளை ஒரு கோந்து பாட்டிலும், டிபன் டப்பாவும், வீடு கட்டும் கம்பெனிப் பொறியாளரின் செல்போனும் அமுக்கிப் பிடித்திருக்கின்றன. நகராட்சியின் திட்ட அதிகாரி, மை ஒற்றிய ஒப்புதல் முத்திரையைக் கையில் வைத்தபடி கடைசியாக ஒருமுறை பார்க்கிறாள். வீடுகளும் சாலையும் பூங்காவும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கின்றன. சரிவாக வெட்டப்போகும் மேட்டில் மழைத்தண்ணீர் ஓடும் வழியைக் காட்டும் நீல அம்புகள் வரிசையாக இறங்கிவந்து, எல்லைக்கோட்டில் சமர்த்தாக நின்றுவிடுகின்றன. "ஒரு சொட்டு உள்ள தேங்காது மேடம்" என்கிறார் பொறியாளர். ஆட்சேபம் சொல்ல வந்திருக்கும் பள்ளத்து வீட்டுக்காரம்மா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாள் முழுக்கத் தேடு தேடென்று தேடுகிறாள். "எங்க வீட்டைக் காணோமேங்க?" "அது எங்க எல்லைக்கு வெளியில இருக்கும்மா. இதுல வராது." கோட்டைக் கண்டதும் தண்ணீர் திரும்பிப் போய்விடும் என்று அவருக்கு நினைப்பு போலிருக்கிறது. அதிகாரியின் கண் அம்புகளோடு இறங்கி, கோட்டைத் தாண்டி, வெறும் வெள்ளையில் போய் நிற்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது, முத்திரையில் மை காய்கிறது. அதைக் கீழே வைத்துவிட்டு, கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, அந்த வெள்ளையில் சின்னதாக ஒரு சதுரம் போடுகிறாள். "இங்கதானேம்மா உங்க வீடு?" அம்மாவின் முகம் மலர்கிறது. "ஆமாங்க, அதேதான்! வாசலையும் போட்டுடுங்களேன், இந்தப் பக்கம்." அவள் விரல் வைத்த இடத்தில் அதிகாரி வாசலை வரைகிறாள். நேர் மேலே இருக்கும் நீல அம்பு அதைப் பார்த்துத்தான் நிற்கிறது. பொறியாளர் தன் செல்போனை எடுத்துக்கொள்கிறார். காகிதம் அந்த மூலையிலிருந்து தானாகவே சுருளத் தொடங்குகிறது.