ஒரே ஒரு தட்டு

காலைத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் செய்யவேண்டியது.

தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஜெர்மனி, 1933, மே மாதம். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் பிடிக்காவிட்டால் மாணவர்கள் பூட்ஸ் காலைத் தரையில் தேய்ப்பார்கள். பிடித்திருந்தால் முடிவில் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான்.

இன்று பாடத்தின் முதல் நிமிடத்திலிருந்தே இருநூறு ஜோடி பூட்ஸ் தரையைத் தேய்த்தன. பாடத்தில் ஒரு குறையும் இல்லை. நடத்துகிறவர் யூதர்.

கடைசி வரிசைக்குப் பின்னால் ஹார்ட்மூட் நின்றான். நாஜி மாணவர் சங்கத் தலைவன். கையில் குறிப்பேடு. எவன் கால் அசையவில்லையோ அவன் பெயர் அதில் ஏறும். ஏறினால் படிப்பு போச்சு. போன வாரம் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

தேய்த்துக்கொண்டிருந்த அவனுக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி.

பேராசிரியர் லோவன்ஸ்டைன் நிறுத்தவேயில்லை. ஒருவர் காதிலும் விழாது என்று தெரிந்தும் சொல்லிச் சொல்லிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். போன குளிர்காலத்தில் அவன் நிமோனியாவில் கிடந்தபோது, இதே மனிதர் மூன்று மாடி ஏறி வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, விட்டுப்போன கணக்கையெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

அவன் கரும்பலகையைப் பார்க்காமலிருக்க எவ்வளவோ முயன்றான். முடியவில்லை. கால் தேய்த்தது, கண் படித்தது. அடடா, என்ன அழகான நிரூபணம்!

கடைசி வரி. லோவன்ஸ்டைன் சாக்பீஸை வைத்தார்.

ஹார்ட்மூட் கையை உயர்த்தினான். கால்கள் நின்றன. அரங்கம் அடங்கியது.

டொக்.

நிரூபணத்தைப் படித்துக்கொண்டிருந்தவனின் கைதான். பாழாய்ப்போன கை. மூன்று வருடப் பழக்கத்தில் தானாக எழுந்து மேசைமேல் விழுந்துவிட்டது.

எல்லாத் தலைகளும் திரும்பின.

லோவன்ஸ்டைனும் திரும்பினார். வரிசை வரிசையாகத் தேடி அவனைக் கண்டுபிடித்தார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஹார்ட்மூட் படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றான். சிரித்த முகம்.

"என்னடா, கை தெரியாமப் பட்டிடுச்சா?"

தப்பிக்க வழி விட்டுத்தான் கேட்டான். ஒரு தட்டு என்றால் கை தவறியது என்று விட்டுவிடலாம். இன்னொரு தட்டு விழுந்தால் விட முடியாது. ஹார்ட்மூட்டுக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும். பையை மூடாமல் நின்றிருந்த கிழவருக்கும் தெரியும்.

அவன் கை மடங்கியபடியே மேசைமேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

லோவன்ஸ்டைன் பையை மூடினார். யாரையும் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தார்.

பாடம் முடிந்துவிட்டது. யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை.

இருந்தும் அந்த அமைதியில், அவர் கதவை அடையும்வரை, அவன் மேசைக்கு அடியில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.